குதிரையின் முகத்தில் பழுப்புப் புள்ளிகள்

பெப்பி வாயைத் திறந்து அரை வார்த்தைகூடச் சொல்லியிருக்க மாட்டான். பழங்காசு வியாபாரி லிண்ட்னர் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எம்பி, கையிலிருந்த கைக்குட்டையை அவன் வாயில் வைத்து அமுக்கினார்.

"பேசணும்னா அந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க! காசு திறந்து கிடக்கு, கண்ணு தெரியல?"

"ம்ம்ப்," என்றான் பெப்பி. கைக்குட்டையில் மூக்குப்பொடி வாசனை குப்பென்று அடித்தது.

துப்பறியும் வால்புர்கா கோலாரிக் சிரிக்கவில்லை. அவள் சிரித்து பெப்பி பார்த்ததே கிடையாது. இருபது வருஷம் வியன்னா டிராம்களில் மஃப்டியில் ஏறி டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்தவள் அவள். பெப்பியை மட்டும் எத்தனை தடவை பிடித்தாள் என்பது இருவருக்குமே மறந்துபோய்விட்டது. ரிடையர் ஆகித் துப்பறியும் ஆபீஸ் போட்டபோது, பொய் சொல்கிறவன் எப்படி யோசிப்பான் என்று தெரிந்த ஆள் ஒருத்தன் வேண்டுமென்று அவனையே வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

மேஜை மேல் கறுப்பு வெல்வெட் துணி. அதில் ஒரு வெள்ளிக் காசு. பிளாஸ்டிக் டப்பியிலிருந்து அதை எடுத்து வைத்திருந்தார் லிண்ட்னர். கண்ணாடி போலப் பளபளக்கும் அதன் பரப்பில் ஒரு குதிரை முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதன் முகத்திலும் பிடரியிலும் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள்.

பெப்பி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "ஈ பண்ண வேலையா?" என்று சுவரிடம் கேட்டான்.

"மனுஷன் பண்ண வேலை," என்றார் லிண்ட்னர். வேறு கைக்குட்டை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டார். "எச்சில். காசுக்கு மேல குனிஞ்சு நின்னு பேசியிருக்காங்க. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, மணிக்கணக்காப் பேசியிருக்காங்க. பாருங்க, எல்லாம் ஒரே பக்கமா விசிறி அடிச்ச மாதிரி விழுந்திருக்கு."

"எச்சில் காய்ஞ்சா துடைச்சுட வேண்டியதுதானே?"

"தெறிக்கிறப்போ ஒண்ணுமே தெரியாது, தம்பி. ஆறு மாசம் சும்மா இருக்கும். அப்புறம் ஒரு நாள் டப்பியைத் திறந்தா, இப்படிப் பூத்திருக்கும். பூத்துச்சுன்னா முடிஞ்சது. தேய்ச்சா புள்ளி போகாது, காசுதான் போகும்." லிண்ட்னர் பெருமூச்சு விட்டார். "அதனாலதான் எங்க காசு சேகரிப்போர் சங்கத்துல காசு திறந்திருக்கிற மேஜையில யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் ஒரு தடவை இருமிட்டேன். தலைவர் எழுந்து கதவைக் காட்டினார். ஒரு வருஷம் உள்ளேயே விடல."

"யாரு அந்த மகராசன்?" என்று கேட்டாள் கோலாரிக்.

"வேற யாரு? ஹோஃப்ராட்டுன்னு பட்டம் வாங்கின பெரிய அதிகாரி ப்ரோஹாஸ்காதான்." லிண்ட்னரின் குரல் தேனாக இனித்தது. "பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு நின்னுபோச்சுன்னு கேள்விப்பட்டப்போ எல்லாரும் ஐயோ பாவம்னோம். ஒருத்தன் மட்டும், இப்பதான் அவர் அசல் காசு சேகரிப்பாளர் ஆனார்னு சொன்னான்."

"யாரு அந்த ஒருத்தன்?"

"நான்தான்."

கோலாரிக் காசை டப்பிக்குள் வைத்து மூடினாள். "உங்க சங்கம் அவருக்கு இதை எப்பக் கொடுத்தது?"

"பேச்சுப் போனதுக்கு அடுத்த ஜனவரி மாசம், சீக்கிரம் குணமாகட்டும்னு. புத்தம் புதுசு. பின்பக்கம் வருஷம் போட்டிருக்கே, பாருங்க. அப்போ இதுல ஒரு தூசி கிடையாது. நான்தானே டப்பியில போட்டேன்."

வெளியே வந்ததும் பெப்பி கோலாரிக்கின் முன்னால் வந்து வழியை மறித்தான்.

நேற்றுதான் இருவரும் ரிமாண்ட் ஜெயிலுக்குப் போய் ஓட்டிலியே ப்ரோஹாஸ்காவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஹோஃப்ராட்டின் மனைவி, இந்த வழக்கில் அவர்களை அமர்த்தியவள். அறுபதைத் தாண்டிய, உருண்டையான, பயந்த பெண்மணி. கணவரின் பிறந்தநாளன்று காலை கேக் வாங்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் காசு அறையில் மண்டை உடைந்து கிடக்கிறார் மனுஷர். பக்கத்தில் இந்தக் குதிரைக் காசு; இன்ஸ்பெக்டர் ஹவ்லிக்கிடம் கேட்டுக் கோலாரிக் வாங்கி வந்திருந்தது. கீழ்வீட்டுக்காரி ஓர் ஆணின் குரல் மேலே கத்தியதைக் கேட்டிருக்கிறாள். போலீஸ் வந்து, "யார் அடிச்சது?" என்று கேட்டபோது பேச முடியாத ஹோஃப்ராட் இடது கையைத் தூக்கி மனைவியைக் காட்டினார். "கூட ஒரு ஆம்பளை இருந்தானா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினார். முடிந்தது கதை. கள்ளக்காதலனோடு சேர்ந்து ஊமைக் கணவனைக் கொல்லப் பார்த்த கிழவி என்று பேப்பர்காரர்கள் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள். நாளைக் காலை நீதிபதி முன்னால் விசாரணை. அதில் தோற்றால் அவள் வெளியே வருவது சந்தேகம்தான்.

அவளோ ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு, "அவருக்கு யாரு மாமிசத்தை நறுக்கிக் கொடுக்கிறாங்க? சூப்புல மார்ஜோரம் இலை போடக் கூடாதுன்னு சொல்லுங்க, அவருக்குப் பிடிக்காது," என்றாள். போகும்போது பெப்பியின் கோட்டைப் பிடித்து, "பட்டன் தொங்குதே தம்பி, நான் வெளிய வந்ததும் கொண்டா, தைச்சுத் தரேன்," என்றாள். தெருவுக்கு வந்து பெப்பி மூக்கைச் சிந்தியது சளியால் அல்ல.

"முதலாளியம்மா, இது நமக்கே ஆப்பு," என்றான் இப்போது. "ஹோஃப்ராட் வாய் போனது காசுல இருக்கிற வருஷத்துக்கு முந்தின வருஷம். காசு வந்தது அதுக்கு அப்புறம். அந்த அறையில எவனோ வாயுள்ள ஒருத்தன் மாசக்கணக்கா வந்து நின்னு பேசியிருக்கான்னு ஆகுது. அப்ப போலீஸ் சொல்றதுதானே நிஜம்? அந்தம்மாவுக்கு ஒரு ஆள் இருந்திருக்கான்."

"காசு அலமாரிச் சாவி யார்கிட்ட இருந்தது?"

"ஹோஃப்ராட் கழுத்துச் சங்கிலியில. குளிக்கிறப்போ ஒரு தடவை கழட்டி எடுத்தேன்னு அந்தம்மாவே சொல்லிச்சு. பிறந்தநாளுக்கு முந்தின நாள்."

"எதுக்கு எடுத்தாங்க?"

"அதான் சொன்னாங்களே. அடுப்பு மூடி மாதிரி கறுத்துக் கிடந்த ஒரு பெரிய காசை எடுத்து, வெள்ளிப் பாத்திரம் விளக்குற பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு வச்சாங்களாம். அவர் கண் முழிச்சதும் பார்த்து சந்தோஷப்படட்டும்னு."

கோலாரிக் நடையை நிறுத்தினாள். "லிண்ட்னர்கிட்ட இதைச் சொல்லியிருந்தா அவர் அங்கேயே மயக்கம் போட்டிருப்பார்," என்றாள்.

டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு சாஸேஜ் கடை. கோலாரிக் நேராக அங்கே போய் நின்றாள். "ஒரு லேபர்கேஸ் பன். தடிமனா வெட்டுங்க. கடுகு விழுது நிறைய."

பெப்பிக்குக் கண் விரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் தன் பையிலிருந்து அவனுக்கு ஒரு காபிகூட வாங்கித் தந்ததில்லை. கையில் சுடச்சுட இறைச்சி பன், ஓரத்தில் கடுகு வழிகிறது. கடிக்க வாயைக் கொண்டுபோனான்.

"இங்க வேணாம். மேல போய்ச் சாப்பிடு."

"மேலன்னா? சொர்க்கத்துலயா?"

"ஹோஃப்ராட் வீட்டுல."

"ஆறிப்போயிடும், முதலாளியம்மா."

"பரவாயில்ல, உன் வாய் ஆறாது."

கீழ்வீட்டுத் திருமதி வொண்ட்ராக் கதவை ஒரு விரற்கடை திறந்து, பூட்டுச் சங்கிலி போட்டபடியே பேசினாள். ஹோஃப்ராட் வீட்டுச் சாவி இப்போது அவளிடம்தான் இருந்தது. காலையில் நர்ஸ் வந்து போனபின் மதிய சூப்பை அவள்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.

"ஆம்பளைக் குரல்தான். சாட்சி சொல்லியாச்சே! மாடு கத்துற மாதிரி ஒரு கத்து. அப்புறம் தடால்னு ஏதோ விழுந்த சத்தம்."

"அதுக்கு முன்னால அந்தக் குரலைக் கேட்டிருக்கீங்களா?"

"நான் இந்த வீட்டுக்குக் குடி வந்தே ஒரு வருஷம்தான் ஆகுது. இங்க மேல ஒரு சத்தம் வராது. அந்த அம்மா பேசுவாங்க, அவ்வளவுதான். பாவம், சுவத்துகிட்ட பேசுற மாதிரிதான் பேசிக்கிட்டே இருப்பாங்க. பதில் வராதே." கதவைச் சாத்தப் போனவள் மறுபடி திறந்தாள். "ஹோஃப்ராட்டுன்னு கூப்பிடுங்க. வெறும் பேர் சொன்னா மூஞ்சியைத் திருப்பிப்பார்."

மேலே கதவைத் திறந்ததும் மூடிய வீட்டின் நெடி. காசு அறையில் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் ஹோஃப்ராட் ப்ரோஹாஸ்கா. தலையில் கட்டு. வலது கை மடியில் செத்துக் கிடந்தது. முகம் மட்டும் நன்றாகச் சவரம் செய்து பளிச்சென்று இருந்தது. சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரைவரை மெல்லிய இழுப்பறைகள். பெப்பி எண்ணப் பார்த்து விட்டுவிட்டான்.

"வணக்கம், ஹோஃப்ராட் ஐயா," என்றாள் கோலாரிக். "ஏதாவது காசு களவு போயிருக்கான்னு பார்க்கணும். சாவியைக் கொடுக்க முடியுமா?"

கிழவர் அவளை மேலிருந்து கீழே அளந்தார். பிறகு கழுத்திலிருந்து சங்கிலியை மெல்ல இழுத்து நீட்டினார். அவள் பையிலிருந்து வெள்ளைப் பருத்திக் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டதைப் பார்த்ததும் அவர் தோள்கள் தளர்ந்தன. விஷயம் தெரிந்தவள் என்று நினைத்திருப்பார்.

கோலாரிக் நடு இழுப்பறையை வெளியே இழுத்து, மேஜை மேல் வைத்தாள். பச்சை வெல்வெட் குழிகளில் தாலர் என்கிற பெரிய பழைய வெள்ளிக் காசுகள். ஒவ்வொன்றிலும் நீலமும் பழுப்பும் கலந்த மங்கல், முந்நூறு வருஷம் காற்றில் ஊறிய நிறம். நடுவில் ஒன்று மட்டும் எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளீரென்று மின்னியது. அதில் தொங்கிய உதடு கொண்ட ஒரு ராஜா. கன்னம் முழுக்கத் தேய்த்த கீறல்கள்.

கிழவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெப்பி அதைக் கவனித்தான். செத்துப்போனவனின் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்புகிற மாதிரி இருந்தது.

"உட்காரு பெப்பி," என்றாள் கோலாரிக். "இங்க, மேஜைகிட்ட. பன்னைச் சாப்பிடு, ஆறிடப் போகுது."

"இங்கயா?"

"ஹோஃப்ராட் ஐயா தனியாவே இருக்கார், பொழுது போகாது. நான் உன்னை முதல்முதல்ல டிராமுல பிடிச்ச கதையைச் சொல்லு. சத்தமாச் சொல்லு, அவருக்குக் காது கொஞ்சம் மந்தமா இருக்கலாம்."

பெப்பிக்குச் சொல்லவா வேண்டும். பன்னை ஒரு கடி கடித்தான். வாய் நிறைய இறைச்சியோடு மேஜையில் கையை ஊன்றிக் குனிந்து ஆரம்பித்தான்.

"அன்னிக்கு நல்ல மழைங்க ஐயா. டிராமுல ஒரு கிழவி உட்கார்ந்திருக்கு, மடியில கோழி..."

கிழவரின் இடது கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

"...நான் பக்கத்துல போய் உட்கார்ந்து, பாட்டி, டிக்கெட் செக்கர் வந்தா நான் உங்க பேரன்னு சொல்லுங்கன்னேன். கிழவி என்ன சொல்லிச்சு தெரியுமா? ப்ப்ப்..."

சிரிப்பு முந்திக்கொண்டது. ஒரு ரொட்டித் துணுக்கு பறந்துபோய் மூன்றாவது குழியில் விழுந்தது. ஹோஃப்ராட்டின் நெற்றி நரம்பு புடைத்தது. கோலாரிக் சுவரில் தொங்கிய படத்தை ரசித்துக்கொண்டிருந்தாள்.

"கிழவி சொல்லிச்சு, பேரனாயிருந்தா முதல்ல கோழியைப் பிடிடான்னு. பிடிச்சேன். அப்புறம்தான் அட்டையை எடுத்து நீட்டுது, டிக்கெட் பரிசோதகர்னு. அது கிழவி இல்லீங்க, முதலாளியம்மா வேஷம்! ப்ப்ப்ஃப்ஹா..."

கடுகு விழுது தாலர்களுக்கு மேல் மழையாகத் தூவியது.

"வாயை மூடுடா, பன்னிப் பயலே!"

பெப்பி மெல்லத் திரும்பி ரேடியோ இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. கதவருகே யாரும் இல்லை. பிறகுதான் கிழவரின் வாய் இன்னும் திறந்தே இருப்பதைப் பார்த்தான்.

கோலாரிக் படத்திலிருந்து திரும்பினாள். டிராமில் ஏறிய நாளிலிருந்து அவள் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாளோ, அதே குரலில் சொன்னாள்.

"டிக்கெட்டைக் காட்டுங்க, ஹோஃப்ராட் ஐயா."

கிழவர் வாயை மூடினார். கன்னம் துடித்தது. முகத்தில் பயமில்லை, எரிச்சல்தான் இருந்தது.

"சரி. கெட்டிக்காரிதான்," என்றார். நல்ல கனமான குரல், ஆபீஸில் ஆட்களை நடுங்க வைத்த குரல். "எப்படிக் கண்டுபிடிச்சே?"

"குதிரை சொல்லிச்சு. நாள் பூரா ஊமையா நடிச்சா, அடக்கின பேச்சு எங்கயாவது வெளிய வந்தாகணும். இந்த அறைக் கதவைச் சாத்திக்கிட்டு இதுங்ககிட்ட வந்து குசுகுசுன்னு கொட்டியிருக்கீங்க. சங்கத்துல ஒருத்தன் இருமினதுக்கு வெளிய தள்ளின மனுஷர், உங்க காசு மேல நீங்களே துப்பி வச்சிருக்கீங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைச் சுட்டது. கண்ணை ஒரு கணம் மூடிக்கொண்டார்.

"அன்னிக்கு யாரும் உங்களை அடிக்கல," என்றாள் கோலாரிக். "இழுப்பறையைத் திறந்தீங்க, தேய்ச்ச காசைப் பார்த்தீங்க, கத்தினீங்க, தாவினீங்க, விழுந்தீங்க. கீழ கேட்ட ஆம்பளைக் குரல் உங்க குரல்."

"அது லியோபோல்டு ராஜாவோட ரெட்டைத் தாலர். எங்க தாத்தா பட்டினி கிடந்தும் விக்காத காசு. பாத்திரம் விளக்குற பேஸ்ட்டைப் போட்டுத் தேய்ச்சிருக்கா! முந்நூறு வருஷத்தை ஒரு கந்தல் துணியால துடைச்சு எடுத்துட்டா." கிழவர் இடது கையால் நாற்காலிப் பிடியில் அடித்தார். "உள்ள கிடக்கட்டும். முந்நூறு வருஷம் கிடந்தாலும் தகும்."

"அதுக்காகக் கொலைப் பழியா?" என்று கத்தினான் பெப்பி. கையிலிருந்த பன் நசுங்கிப்போனது. "அந்தம்மா ஜெயில்ல உட்கார்ந்துகிட்டு உங்க சூப்புல மார்ஜோரம் போடாதீங்கன்னு சொல்லி அனுப்புறாங்கய்யா!"

"அவளே போட்டுத்தான் கொடுப்பா. கொஞ்சம்தானே, தெரியாதுன்னு நினைப்பா. வாயைத் திறக்க முடியாம ரெண்டு வருஷமாத் தின்னுக்கிட்டிருக்கேன்."

"வாயைத் திறக்க முடியாமயா, திறக்காமயா?" என்றாள் கோலாரிக். "எப்ப வந்தது பேச்சு?"

"போன வருஷம் பனி உருகின சமயம். ஒரு காலையில வந்துடுச்சு. முதல்ல அவளைத்தான் கூப்பிடலாம்னு வாயெடுத்தேன். அவ நடையில நின்னு அக்காகிட்ட போன்ல பேசிக்கிட்டிருந்தா. அவர் பேச்சு நின்னதுலேர்ந்துதான் இந்த வீடு நிம்மதியா இருக்குன்னு சொன்னா." கிழவர் சிரித்தார். "சரிம்மா, உன் இஷ்டம், நிம்மதியா இருன்னு விட்டுட்டேன்."

கோலாரிக் கையுறையைக் கழற்றினாள். "இதையெல்லாம் நாளைக்கு நீதிபதிகிட்டச் சொல்லுவீங்க."

"நானா?" புருவத்தைத் தூக்கினார் ஹோஃப்ராட். "நான் ஊமை. டாக்டர் சர்டிபிகேட் இருக்கு. நான் பேசினேன்னு யார் சாட்சி? என் பொண்டாட்டி பணம் கொடுத்து வச்ச ஒரு டிராம்காரி. மூஞ்சி பூரா கடுகு அப்பின இந்தக் கோமாளி. போய்ச் சொல்லிப் பாருங்க."

பெப்பி கோட்டுக் கையால் முகத்துக் கடுகைத் துடைத்தான். உண்மைதான். யார் நம்புவார்கள்? நாளைக்கு அந்த அம்மா மறுபடி உள்ளே போவாள், இந்த மனுஷர் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். கோலாரிக்கைப் பார்த்தான். அவள் அசையாமல் நின்று எதையோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டில் தடதடவென்று செருப்புச் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் திருமதி வொண்ட்ராக். கையில் சூப்புக் கரண்டி, தலையில் சுருட்டை கிளிப்புகள்.

"அந்த ஆளு! அதே குரல்! வாயை மூடுடான்னு கத்தினானே, அதே மாடுதான்! எங்க அவன்? போலீஸுக்கு போன் போட்டாச்சு, வந்துக்கிட்டிருக்காங்க. எங்க ஒளிஞ்சிருக்கான்?"

கதவுக்குப் பின்னால் பார்த்தாள். திரைக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்து, பெப்பியிடம் வந்து, "நீயா?" என்றாள்.

"நான் பன்னிப் பயல்ங்க," என்றான் பெப்பி. "மாடு அங்க உட்கார்ந்திருக்கு."

ஹோஃப்ராட் மறுபடி ஊமையானார். ஆனால் கரண்டியோடு அவள் நெருங்கி வந்து குனிந்து பார்க்கையில் அவர் கண்கள் அவள் முகத்தில் இல்லை. திறந்து கிடந்த இழுப்பறையில் இருந்தன. திருமதி வொண்ட்ராக் இழுப்பறைக்கு நேர் மேலே நின்று இன்னொரு தடவை வாயைத் திறக்கப் போனாள்.

"அங்க நின்னு பேசாதே, சனியனே!" என்று அலறினார் ஹோஃப்ராட்.

கரண்டி தரையில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் ஹவ்லிக் வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனபின், படியிறங்குகையில் பெப்பி கேட்டான்:

"அந்த பன்னை எனக்காக வாங்கலதானே?"

"இல்ல."

"என் வாய்க்காகத்தான் என்னையே கூட்டிட்டு வந்தீங்க."

"வேற எதுக்கு உன்னை வச்சிருக்கேன்?"

பெப்பிக்கு நிஜமாகவே வலித்தது. மீதிப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி முன்னால் போய்விட்டான்.

மறுநாள் மதியம் ஓட்டிலியே அம்மாளை ஜெயில் வாசலிலிருந்து டிராமில் கூட்டி வந்தார்கள். கோலாரிக் ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அந்த அம்மா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள். அழவில்லை. முடிவில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"போன வருஷம் பனி உருகினப்பவா?"

"ஆமா."

"அதுக்கு அப்புறம், ஈஸ்டர் முடிஞ்சுதான் எங்க அக்கா செத்தா." குரல் சாதாரணமாக இருந்தது. "அன்னிக்கு ராத்திரி அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரே ஒரு வார்த்தை உங்களால சொல்ல முடிஞ்சா எனக்குப் போதும்னு அழுதேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். பாவம், சொல்ல முடியாம தவிக்கிறார்னு நினைச்சு நான்தான் அவருக்குக் கண்ணைத் துடைச்சு விட்டேன்."

பெப்பி பட்டன் தொங்கும் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

வீட்டில் ஹோஃப்ராட் அதே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பொய்ப் புகாருக்கு அவர்மேல் வழக்கு வரும், ஆனால் இந்த நிலைமையில் எந்த ஜெயிலும் எடுத்துக்கொள்ளாது என்று ஹவ்லிக் சொல்லியிருந்தார். மனைவியைப் பார்த்ததும் தொண்டையைக் கனைத்தார்.

"ஓட்டிலியே," என்றார்.

அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள். தொப்பியை எடுத்து வைத்தாள். அவரிடம் போய் கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றினாள். குளிப்பாட்டும்போது செய்கிற அதே பதவிசு. இடது கையால் அவர் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் அலமாரிக்குப் போய் மேல் வரிசை ஓரத்து இழுப்பறையைத் திறந்து மேஜை மேல் வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். காசுகளுக்கு மேல், மூக்கு இடிக்கிற அளவு குனிந்தாள்.

"எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?" என்று காசுகளிடம் கேட்டாள். "கல்யாணத்துலேர்ந்தே ஆரம்பிக்கிறேன். அன்னிக்கும் மழைதான். எங்கப்பா கடன் வாங்கி வாத்து வறுத்து வச்சார், உங்க ஹோஃப்ராட் ஐயா தோல் முறுகலா இல்லைன்னு தட்டைத் தள்ளி வச்சார்..."

"ஓட்டிலியே! வாயை மூடு! கைக்குட்டை வை! ஓட்டிலியே!"

அவள் நிமிர்ந்து பெப்பியைப் பார்த்தாள். முகத்தில் ஒரு சலனமுமில்லை.

"யாரோ கத்துற மாதிரி இருக்கா தம்பி? எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு வராது. ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்து வீட்டு ரேடியோவாயிருக்கும்."

மறுபடி குனிந்து கதையைத் தொடர்ந்தாள். நன்றாக உதட்டைக் குவித்து, ஒவ்வொரு வார்த்தையையும் அழுத்தி. காசுகளில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தன. அது பூத்து வர ஆறு மாசம் ஆகும், அதுவரை தினமும் அவர் புள்ளி எப்போது வருமோ என்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பார் என்று பெப்பிக்குத் தோன்றியது. அவனுக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

"முதலாளியம்மா, ஏதாவது சொல்லுங்களேன்," என்றான் மெதுவாக.

"வேலை முடிஞ்சது," என்றாள் கோலாரிக். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

கீழே திருமதி வொண்ட்ராக் பூட்டுச் சங்கிலி போட்ட கதவிடுக்கில் நின்றுகொண்டிருந்தாள். "மறுபடி அந்த ஆளு கத்தறானே, போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம்," என்றாள் கோலாரிக்.

தெருக்கதவுவரை அந்த அம்மாவின் குரல் கேட்டது. ஏறாமல் இறங்காமல், ஒரே சீராக. அவள் இன்னும் முதல் இழுப்பறையில்தான் இருந்தாள்.